நாளாந்த வேலைக்குச் செயின் சோ: திருகோணமலையில் எதைப் பார்த்து வாங்குவது

கடையில் செயின் சோ என்று கேட்டால், பேச்சு பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தகடு, எத்தனை அங்குலம் என்பதில் தொடங்கி எத்தனை சிசி என்பதில் முடிந்துவிடும். வருடத்தில் ஒரு தடவை வளவில் முருங்கைக் கொப்பு தறிப்பவருக்கு அது போதும். வாரத்தில் மூன்று நாலு நாள் மெசினைக் கையில் எடுப்பவர் கேட்க வேண்டியது வேறு. தென்னை, வேம்பு, மா தறிப்பவர், விறகு அரிபவர், வாடை மழையில் பாதைக்குக் குறுக்கே விழுந்ததைத் துண்டு போடுபவர் எல்லோரும் இந்தக் கூட்டம்தான். மெசின் எத்தனை கிலோவாற் தருகிறது, அதற்காக எத்தனை கிலோ சுமக்க வேண்டும், அதன் உதிரிப்பாகத்தைப் போன அன்றே வாங்கிக்கொண்டு திரும்பலாமா என்பதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி.

சிசி ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரே கம்பனியின் இரண்டு மெசின்களே சாட்சி. ஸ்டில் எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாற், 4.6 கிலோ. எம்எஸ் 261 என்பது 50.2 சிசி, 3.0 கிலோவாற், 4.9 கிலோ. எடையில் 300 கிராம்தான் வித்தியாசம், வலுவில் 30 சதவீதம். முன்னது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் செய்தது, பின்னது தொழிலுக்கென்றே செய்தது. ஹஸ்க்வர்னாவில் இதற்கு ஈடானது 550 எக்ஸ்பி.

இந்த எடைகள் எல்லாம் பார், செயின், பெற்றோல், ஒயில் எதுவும் சேராத எடைகள். 16 அங்குலப் பாரும் செயினும் ஏறக்குறைய ஒரு கிலோ. அரை லீற்றர் பெற்றோலும் செயின் ஒயிலும் இன்னொரு 600 கிராம். ஆக 4.9 கிலோ என்று விளம்பரத்தில் போட்ட மெசின் கைக்கு வரும்போது ஆறரைக் கிலோ. நாள் முழுக்கக் குனிந்து கொப்பு கழிப்பவருக்கு இதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அரைக் கிலோவும் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தெரியும். களைத்த கையில்தான் விபத்தும் நடக்கிறது.

பொதுவான வேலைக்கு எங்கள் தெரிவு 50 சிசி தொழில் மெசின், 16 அங்குலப் பார். இது ஓரளவு தேர்ந்த கைக்கு 30 அங்குலம் வரை தடித்த மரத்தையும் இரண்டு பக்கத்தாலும் வந்து தறித்துவிடும். கந்தளாய், மொறவெவ பக்கம் காய்ந்த பாலை, முதிரை, பழைய புளி என்று வைரம் பாய்ந்த மரமே வேலையில் பாதிக்கு மேல் என்றால் 60 சிசிக்குப் போங்கள். எம்எஸ் 362 அல்லது 562 எக்ஸ்பி இரண்டும் 3.5 கிலோவாற். பார் 18 அங்குலம் போதும். எம்எஸ் 382, 372 எக்ஸ்பி போன்ற 70 சிசி மெசின்கள் பெருமரம் சாய்க்கவும் பலகை அரியவும் நல்லவை. அவற்றை எடுத்துக்கொண்டு கொப்பு கழிக்கப் போவது வீண் பாரம். பற்றரி மெசின்கள் குறைந்த சத்தத்தோடு வேலை செய்கின்றன, ஆனால் கரண்ட் இல்லாத காணியில் நாள் முழுவதும் நிற்பவருக்கு அவை இன்னும் தோதில்லை.

தொழில் மெசினை எப்படி அடையாளம் காண்பது

பெட்டியில் "புரொபெஷனல்" என்று அச்சடிப்பது எவருக்கும் எளிது. மெசினைக் கையில் வாங்கிப் பாருங்கள். எஞ்சினின் அடிப்பெட்டி மக்னீசிய வார்ப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் எஞ்சினைச் செருகி வைத்திருந்தால் அது வீட்டு மெசின். சூட்டிலும் அதிர்விலும் அந்தக் கூடு நாளடைவில் தளர, ஸ்குரூ இளகும், காற்று கசியும், பிஸ்டன் வெந்துபோகும். அதிர்வைத் தாங்க வெறும் ரப்பர்க் கட்டை இருக்கிறதா, சுருள் வில் இருக்கிறதா என்று கைபிடி சேரும் இடத்தில் பாருங்கள். வில் நல்லது. செயின் ஒயில் பம்பின் அளவைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு ஸ்குரூ இருக்க வேண்டும். செயினை இறுக்கும் ஸ்குரூ பக்கவாட்டில் இருக்க வேண்டும், பாருக்கு முன்னால் செயின் பல்லுக்கு நேரே அல்ல.

கிளச் மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். செயினை இழுக்கும் பல்லுச்சில்லு கிளச் டிரம்மோடு ஒன்றாக வார்த்ததா, தனியே கழற்றி மாற்றக்கூடிய ரிம்மா? ரிம் என்றால் தேயும்போது அந்தச் சிறு வளையத்தை மட்டும் மாற்றினால் சரி. கழற்ற விடாத கடையில் வாங்க வேண்டாம்.

எயார் பில்டரை அங்கேயே திறந்து பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இங்கே தூசு மாவாக எழும். பில்டர் அகலமாக, கருவியின்றி இரண்டு விரலால் கழற்றக்கூடியதாக, விளிம்பில் இறுக்கமான ரப்பரோடு இருக்க வேண்டும். அந்த விளிம்பில் நூலிழை இடைவெளி இருந்தாலும் தூசு நேரே சிலிண்டருக்குள் போய் அரைக்கும்.

பாரும் செயினும்

மெசினைத் தெரிவதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது செயினில் காட்ட வேண்டும். மூன்று லட்சத்து மெசினும் மொட்டைச் செயினோடு நின்றால் மரத்தை அரியாது, உராய்ந்து புகைக்கும்.

50 சிசிக்கு .325 அங்குல பிட்ச், அதாவது செயின் கண்ணிகளின் இடைவெளி, சரியான பொருத்தம். 60 சிசிக்கு .325 அல்லது முழு 3/8. செயின் ஓடும் பாரின் தவாளிப்பு அகலத்தில் 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்று வரும். பாரின் அடியில் பிட்ச், தவாளிப்பு, டிரைவ் லிங் (தவாளிப்புக்குள் ஓடும் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு செயின் வாங்கப் போங்கள். 1.5 பாருக்கு 1.3 செயின் போட்டால் உள்ளே சரிந்து ஆடும், வெட்டு வளையும், பாரும் கெடும்.

பல்லின் வடிவம் இந்த மண்ணுக்கு இன்னும் முக்கியம். முனை சதுரமாக நிற்கும் முழு உளிப்பல் சுத்தமான பச்சை மரத்தில் வேகமாகப் போகும். ஆனால் மணல் பட்டதும் அந்தக் கூர் முனை முதலில் போய்விடும், பல் முழுதும் மழுங்கும். முனை வளைந்த அரை உளிப்பல் கொஞ்சம் மெதுவாக வெட்டும், மொட்டையாவதும் மெதுவாகத்தான். நிலாவெளி, குச்சவெளிக் கரை மணலில் கிடக்கும் மரத்துக்கும், காய்ந்த வைர மரத்துக்கும், பனைக்கும் தென்னைக்கும் அரை உளிப்பல்லைத் தவிர வேறு தெரிவு இல்லை என்றே சொல்வோம்.

பனையும் தென்னையும் தனிக் கதை. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். இவற்றில் வெளிப்புறத்தில் இருக்கும், நடுவில் மெத்தென்ற நார். அந்த வெளி வைரத்தில் இயற்கையாகவே சிலிக்கா படிந்திருக்கிறது. நல்லாக அரம் பிடித்த செயின்கூட இரண்டு முதிர்ந்த பனையில் கூரை இழக்கலாம். அது மெசினின் குற்றமில்லை. இன்னொரு தொல்லை, ஈர நார் கயிறு கயிறாக வந்து கிளச் மூடிக்குள் திணிந்து பாரின் ஒயில் துவாரத்தை அடைத்துவிடும். ஒயில் தாங்கியில் ஒயில் நிற்கும், பார் மட்டும் நீலம் பூத்துச் சூடேறும். பனை, தென்னை தறிக்கும் நாளில் ஒவ்வொரு தடவை பெற்றோல் விடும்போதும் மூடியைக் கழற்றி நாரை வழியுங்கள், பல்லுக்கு இரண்டு அரம் போடுங்கள்.

அரத்தின் அளவு செயினோடு போகிறது. .325க்கு 4.8 மில்லிமீற்றர், முழு 3/8க்குக் கம்பனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5, சிறிய மெசின்களின் தாழ்ந்த 3/8க்கு 4.0. பல்லின் மேல்தகட்டுக் கோணம் 30 பாகை. காய்ந்த பாலைக்கும் முதிரைக்கும் 25 பாகை வைத்தால் கூர் கூட நேரம் நிற்கும். அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கி எடுங்கள். மூன்று நாலு தடவை கூராக்கிய பின் பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழக்கட்டையை அளவுத்தகடு வைத்துப் பார்த்து, பல்லை விட 0.65 மில்லிமீற்றர் தாழ்வாக்குங்கள். வேகம் வேண்டுமென்று அதற்கு மேல் ராவினால் செயின் கொத்திக் கொத்திப் பிடிக்கும், மெசின் முகத்துக்குத் துள்ளும்.

செயின் கூராக இருக்கிறதா என்று அறிய வெட்டுத்தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் நல்லது. மாவாக விழுந்தால் நிறுத்தி அரம் எடுங்கள். வெட்டு ஒரு பக்கம் வளைந்து போனால், பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பற்கள் நீளம், மற்றப் பக்கத்துப் பற்கள் குட்டை. எல்லாப் பல்லையும் ஆகக் குட்டையான பல்லின் நீளத்துக்குக் கொண்டுவந்தால்தான் நேராகும். அப்போது பாரை மாற்றிப் பயனில்லை.

இரும்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வேலி வளர்ந்த வளவு மரத்தில் முள்ளுக்கம்பி, ஆணி இருக்கும். இந்த மாவட்டத்தில் அதோடு போர்க்காலத்துச் சன்னமும் செல் துண்டும் மரத்துக்குள் இருக்கின்றன. பழைய முகாம், காவலரண், பதுங்குகுழி இருந்த இடங்களுக்கு அண்டிய மரங்களில் பட்டை எல்லாவற்றையும் மூடி வளர்ந்திருக்கும். வெளியே ஒரு கட்டி அல்லது நெடுக்கான வடு மட்டும் தெரியலாம். வெட்டுமுகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் இரும்பு கிட்டத்தில் இருக்கிறது, நிறுத்துங்கள். சிறிய கையடக்க உலோகம் காட்டி ஒன்று, கெட்டுப்போகும் இரண்டு செயினின் காசுக்கு ஈடு. அப்படியான மரத்துக்கு ஒரு பழைய செயினைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வெடிக்காத ஏதாவது என்று துளி சந்தேகம் வந்தாலும் மெசினை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிசுக்கு அறிவிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மணலில் கிடக்கும் மரத்துக்கு வெட்டும் கோட்டில் கத்தியால் பட்டையைச் சீவிவிட்டு, அடியில் கட்டை கொடுத்து உயர்த்திப் பிறகு அரியுங்கள். ஓடும் செயின் ஒரு நொடி மணலைத் தொட்டால் கால் மணித்தியாலம் அரம் போட வேண்டும்.

ஒயிலில் ஊர் செய்யும் தவறு

கடற்கரை ஊர் என்பதால் வீட்டில் வள்ளத்தின் அவுட்போட் எஞ்சின் ஒயில் கான் கிடக்கும். இரண்டும் டூ ஸ்ரோக்தானே என்று அதையே செயின் சோவுக்குக் கலக்கிறார்கள். மெசின் ஸ்ரார்ட் ஆகும், ஓடும், ஆதலால் பிழை உடனே தெரியாது. அவுட்போட் எஞ்சின் கடல் தண்ணீரால் குளிர்கிறது. அதற்கான ரீசி-டபிள்யூ3 ஒயில் அந்தக் குறைந்த சூட்டுக்குச் செய்தது. செயின் சோ வெறும் காற்றில் குளிர்வது, அதன் சிலிண்டர் சூடு எங்கேயோ நிற்கும். அந்தச் சூட்டில் இந்த ஒயில் கரியாகி பிஸ்டன் வளையத்தைத் தவாளிப்பிலேயே ஒட்டவைக்கும், கொம்பிரெஷன் விழும், பிறகு பிஸ்டன் கீறும்.

கானில் ஜாசோ எஃப்டி என்று போட்ட, காற்றில் குளிரும் எஞ்சினுக்கான ஒயிலை வாங்குங்கள். 50க்கு 1 என்ற கலவை, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஒயில். கண்மதிப்பில் ஊற்றாமல் அளவுக்குடுவை வையுங்கள். ஒக்டேன் 92 போதும், மெசினின் கைநூல் 95 கேட்டால் 95 விடுங்கள். வள்ளத்துக்குச் செய்வதுபோல மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. கலந்து 30 நாளுக்கு மேல் நின்றதை மெசினுக்குப் பாவிக்காதீர்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

செயினுக்குக் கராஜில் வடித்த கழிவு ஒயிலை விடுவது அடுத்த தவறு. அதில் உலோகத்தூள் இருக்கிறது, பம்பை அரைக்கும். பிடிப்பும் இல்லாததால் பாரின் நுனி சுற்றும்போதே சிதறிப்போகும். சிதறுவது உங்கள் உடம்பிலும் மூச்சிலும்தான். பார் ஒயில் கிடைக்காவிட்டால் புது எஸ்ஏஇ 40 ஒயில் பரவாயில்லை. பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஒரு வெளிறிய வெட்டுமுகத்துக்குக் கிட்டப் பிடித்து முடுக்குங்கள். மெல்லிய ஒயில் கோடு விழ வேண்டும். தொழில் மெசின்களில் பெற்றோல் முடிந்த பிறகும் ஒயில் கொஞ்சம் மிஞ்சும்படிதான் தாங்கிகளை அளந்திருக்கிறார்கள். எப்போதும் இரண்டையும் ஒன்றாக நிரப்புங்கள்.

காபரேட்டர்

புதிய தொழில் மெசின்கள் பெற்றோல் அளவைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. ஸ்டில்லில் எம்-ட்ரொனிக், ஹஸ்க்வர்னாவில் ஓட்டோடியூன். நன்றாகவே வேலை செய்கின்றன. பழுதானால் கணினியில் மாட்டிப் பார்க்கும் வேர்க்ஷொப் வேண்டும். அது உங்களுக்கு எட்டாத தூரம் என்றால் ஸ்குரூவால் திருப்பும் பழைய வகையே உகந்தது. அப்படித் திருப்புகிறவர் காதை நம்பலாம். வெறுமனே முழு வேகத்தில் விட்டால் ஓசை சற்றுக் கரகரக்க வேண்டும், மரத்தில் இறக்கியதும் தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே சுத்தமாகக் கீச்சிட்டு நின்றால் பெற்றோல் போதாமல், அதோடு ஒயிலும் போதாமல் ஓடுகிறது. அப்படி ஒரு தாங்கி ஓடினாலே பிஸ்டன் போகலாம்.

பாவித்ததும் போலியும்

58 சிசி என்று ஒட்டிய மலிவு மெசின்கள் சந்தையில் நிறைய. சிசியை விட்டு கிலோவாற்றைத் தேடுங்கள். 2.2, 2.5 என்று இருந்தால் அது வீட்டு மெசினின் வலுதான். பெயர்பெற்ற கம்பனிகளின் அச்சு அசலான போலிகளும் உண்டு. தொடரிலக்கம் அடிப்பெட்டி உலோகத்தில் வெட்டிப் பொறித்திருக்க வேண்டும், ஸ்ரிக்கரில் மட்டும் இருந்தால் வேண்டாம்.

பாவித்த மெசின் என்றால், ஆறிய நிலையில் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிட்டு வாருங்கள். நிறுத்திய மெசினை இழுகயிற்றின் பிடியில் தூக்கித் தொங்கவிடுங்கள். கொம்பிரெஷன் இருந்தால் விட்டுவிட்டு மெதுவாக இறங்கும், இல்லையேல் கடகடவென்று கீழே போகும். கயிற்றை இலகுவாக இழுக்க அமுக்கத்தைக் குறைக்கும் டீகொம்பிரெஷன் பொத்தான் அழுத்தியிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், கவனம். பிறகு சைலன்சரின் இரண்டு மூன்று ஸ்குரூவைக் கழற்றி, துவாரம் வழியாக ரோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாக நெடுங்கீறல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். முடுக்காமல் விட்ட பொறுமை ஓட்டத்தில் செயின் அசையக்கூடாது. முழு வேகத்தில் செயின் பிரேக்கான முன்காப்பைத் தள்ளினால் செயின் கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்க வேண்டும்.

கடலுக்குக் கிட்ட வைத்திருந்த மெசினில் உப்பு வேறு. அடிப்பெட்டியில் வெள்ளைப் பொருக்கு படர்ந்திருக்கிறதா, பிளக் தொப்பிக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உடுப்பு

சாரமும் செருப்புமாக மெசின் பிடிப்பதை இங்கே தினமும் காணலாம். .325 செயின், 7 பல் ரிம், நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் செயின் நொடிக்கு 19 மீற்றர் ஓடுகிறது. செயின் சோக் காற்சட்டையில் முதலாம் வகுப்பு நொடிக்கு 20 மீற்றருக்குச் சோதித்தது. வெறும் ஓட்டத்தில் 14,000 சுற்றில் செயின் 27 மீற்றரைத் தொடும், ஆகவே காற்சட்டை எல்லாவற்றையும் தடுக்காது. இருந்தாலும் எலும்பு வரை போக வேண்டிய வெட்டைத் தோலோடு நிறுத்தக்கூடியது அது ஒன்றுதான். வெயிலுக்குத் தாங்காது என்பது உண்மை. முன்பக்கம் மட்டும் மூடிக் கட்டும் வகை இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். காதுக் கவசமும் கண்ணாடியும் மெசினோடேயே வாங்க வேண்டியவை. ஓசை 100 டெசிபெலுக்கு மேல். பாரின் நுனி மேல்காற்பகுதி எதிலும் படாமல் பார்ப்பதும், இடது கைப் பெருவிரலைப் பிடியைச் சுற்றி மடக்கியே வைப்பதும் துள்ளலுக்கு எதிரான முதல் காப்பு.

பத்திரம்

2019ஆம் ஆண்டு செயின் சோ வைத்திருப்பவர்கள் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயமாக்கியது. வாங்கும்போது தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பாவித்தது என்றால் முந்தியவரின் பதிவையும் கேளுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருபவை. சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்த பிறகே மெசினைத் தொடுங்கள். முதிரை, பாலை போன்றவற்றைத் தறிக்கவும் ஏற்றவும் முன் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

மெசினோடு வாங்க வேண்டியவை

மெசினுக்கென்று வைத்த காசு முழுவதையும் மெசினிலேயே கொட்டாதீர்கள். அதே பொருத்தத்தில் மூன்று செயின், ஒரு ரிம், ஒரு பிளக், ஒரு பெற்றோல் பில்டர், இரண்டு எயார் பில்டர், வட்ட அரம் அரை டசின், தட்டை அரம் ஒன்று, அளவுத்தகடு. முதல் மூன்று தாங்கி வெறும் ஓட்டத்தில் முழு முடுக்கு வேண்டாம். புதுச் செயின் முதல் மணித்தியாலத்தில் நன்றாக நீளும். பத்து நிமிடத்துக்கொரு தடவை நிறுத்தி, ஆறிய பின் இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள், சூட்டில் இறுக்கிய செயின் குளிரும்போது சுருங்கி கிராங்கை வளைத்துப் பிடிக்கும். ஒவ்வொரு தடவை செயின் மாற்றும்போதும் பாரை மேல்கீழாகப் புரட்டிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். மூன்று செயினையும் மாறி மாறிப் போடுங்கள், மூன்றும் ரிம்மும் ஒன்றாகத் தேயும். மூன்றும் முடிந்து புதுச் செயின் வாங்கும் நாளில் ரிம்மையும் மாற்றுங்கள். தேய்ந்த ரிம்மில் ஏறும் புதுச் செயின் ஒரு மாதத்திலேயே பழசாகிவிடும்.